அப்பாவுக்குப் பிடிக்காத மரங்கள்

எங்கள் அப்பாவுக்கு உலகத்தில் எந்த மரமுமே பிடிக்காமல் போன ஒரு மாதம் உண்டு.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். மலாய் நாட்டில் ரப்பர் விலை தரையோடு தரையாக விழுந்து கிடந்த காலம். காஹாங் கடைத்தெருவிலிருந்து ஐந்து மைல் உள்ளே தள்ளியிருந்த எங்கள் தோட்டத்தில், கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. வேலையில்லை என்று சொல்லி, ஆட்களை இலவசமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களில் ஒவ்வொருவரும் மூன்று பேர் வேலையைச் செய்தார். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. தோட்டத்துக் கணக்கரான கிராணியார் ஆபீசில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். அடுத்த கப்பலில் யார் யார் என்பது அதில் இருந்தது. வாய் திறப்பவர்களின் பெயர் அதில் மேலே ஏறிவிடும் என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள்.

அப்பா காட்டுக் காவல் பார்த்தார். தோட்டத்தின் கிழக்கு எல்லையில், விலை நன்றாக இருந்தபோது நட்ட இளங்கன்றுகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. அதற்கப்பால் பெருங்காடு. யானைகள் அங்கிருந்து இறங்கி வந்து, நாம் கீரை பறிப்பதுபோல் கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும். பன்றிகள் வந்து வேரைக் கிளறும். முன்பெல்லாம் மூன்று காவற்காரர்கள் முறை வைத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேரைக் கப்பலேற்றிவிட்டபின் மூன்று முறையும் அப்பாவுடையதாகிவிட்டது. பொழுது சாயும்போது போவார். வெயில் ஏறியபின் வருவார். இரண்டு மணி நேரம் படுப்பார். மறுபடி எழுந்து எல்லைக் கம்பியைப் பார்க்கப் போவார். எனக்கு அப்பா என்றால் வாசலில் கழற்றிப் போட்ட சேற்றுக் காலுறையும், ஈரச் சாக்கு வாடையும்தான். அவர் முகத்தை ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை.

அவர் தோளில் ஒரு துப்பாக்கி தொங்கும். தோட்டத்துச் சொத்து. பட்டாளத்தில் யாரோ கழித்துப் போட்ட பழைய ரைபிள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போடலாம். குழலும் இரும்பு வேலைப்பாடும் ஒரு பாகம். தோளில் அணைத்துச் சுடுவதற்காகப் பின்னால் இருந்த மரக்கட்டை இன்னொரு பாகம். கட்டையின் நடுவே நீளமாகத் துளைபோட்டு, ஓர் இரும்பு ஆணியால் இரண்டையும் முடுக்கியிருப்பார்கள். கை பிடிக்கும் இடத்தில் கட்டை குறுகி, ஒரு கழுத்துபோல் இருக்கும்.

அந்தக் கழுத்துதான் ஒடிந்தது.

மழைக்காலத்தில் ஒரு விடியற்காலையில் கொம்பன் யானை ஒன்று அப்பாவின் வெடிக்குப் பயந்து திரும்பி ஓடாமல், அவரைப் பார்த்து வந்துவிட்டது. அப்பா துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடி, எல்லையில் வெட்டியிருந்த கான் என்கிற வடிகாலில் விழுந்தார். யானை போகிற போக்கில் கட்டையின்மேல் ஒரு காலை வைத்துவிட்டுப் போயிற்று. குழல் சேற்றில் புதைந்ததால் தப்பியது. எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த மாமா, அம்மாவின் தம்பி, இந்தக் கதையை லயம் முழுக்கச் சொன்னார். காலையில் ஒரு யானையாக இருந்தது, மாலைக்குள் ஐந்தாகிவிட்டது. அப்பா திருத்தவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பகலில் அப்பா முழுநீளத்துக்குப் படுத்திருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. ஒரு கை பாய்க்கு வெளியே கிடந்தது. செத்துப்போய்விட்டாரோ என்று பயந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். அம்மா ரப்பர் மரங்களில் பால்வெட்டு முடிந்து வந்த களைப்போடு வாசலில் உட்கார்ந்து, கோழிகள் கத்தாதபடி கம்பை வைத்துக்கொண்டு விரட்டிக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கும்வரை அப்பா எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கிராணியாரே வீட்டுக்கு வந்துவிட்டார். உடைந்த கட்டையின் இரண்டு துண்டுகளையும் கையில் சேர்த்து வைத்துப் பார்த்தார். அவரும் ஓய்ந்துபோன மனிதர்தான். ஆபீசில் அவருக்குக் கீழே இருந்த இரண்டு பேரும் போய்விட்டிருந்தார்கள்.

"துரை சீமைக்கு லீவுல போயிருக்காருப்பா. அவர் வர்றதுக்குள்ள இது முழுசா இருக்கணும். புதுக் கட்டைக்கு எழுதிப் போட்டா, எப்படி ஒடைஞ்சதுன்னு கேப்பாங்க. போட்டுட்டு ஓடினான்னு நான் எழுதவா?" என்றார்.

இங்கேயே ஏதாவது ஒரு மரத்தில் கட்டை செதுக்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. அதுவரைக்கும் லயத்து ஆண்கள் நான்கு நான்கு பேராக முறைபோட்டு எல்லைக்குப் போய், மண்ணெண்ணெய் டின்னைத் தட்டி யானையை விரட்டுவது. துப்பாக்கி தயாராகும்வரை அப்பாவுக்கு மரம் தேடுவதுதான் வேலை.

முதல் மரத்தை மாமா கொண்டுவந்தார். ஊரில் ஒரு தச்சுப் பட்டறையில் வேலை பார்த்தவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். எத்தனை நாள் என்று அம்மா கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். காற்றில் சாய்ந்த ரப்பர் மரம் ஒன்றிலிருந்து ஒரு துண்டை வெட்டி வந்து, ஒரே பகலில் கட்டையைச் செதுக்கி முடித்துவிட்டார். வெள்ளைவெளேரென்று தேங்காய்ப் பத்தைபோல் இருந்தது. நான் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது.

அப்பா அதை மடியில் வைத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார்.

"நகம் எறங்குது மாப்ள."

"நகம் எறங்கினா என்ன மச்சான்? யானை என்ன நகத்தாலயா கீறப்போவுது?"

"பச்சை மரம். ரெண்டு நாள் போவட்டும், பாப்போம்."

இரண்டு நாளில் அதில் நீலக்கறை படர்ந்தது. ஒரு வாரத்தில் வாழைப்பழம் அழுகுவதுபோல் கறுத்தது. அடியில் மாவுபோல் ஏதோ உதிர்ந்தது. பூச்சி உள்ளே போய்விட்டிருந்தது. கழுத்துப் பக்கம் லேசாக முறுக்கிக்கொண்டு, ஆணி உள்ளே போக மறுத்தது. அப்பா தலையை ஆட்டினார். அதிலே ஒரு நிதானம் இருந்தது. மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்துகொள்வது மாதிரி.

அடுத்தது செங்கால் மரம். ஓடைமேல் இருந்த பழைய பாலத்தை மாற்றியபோது கழற்றிப்போட்ட உத்தரம் ஒன்று புல்லில் கிடந்தது. முப்பது வருஷம் மழையில் கிடந்தும் கறையான் தொடாத மரம். அதைச் செதுக்குவதற்குள் இரவல் வாங்கிய உளிகள் இரண்டின் முனை போயிற்று. மாமாவின் உள்ளங்கை கொப்பளித்தது. கட்டை முடிந்தபோது கறுப்பாக, வழுவழுவென்று, கல்லில் செய்ததுபோல் இருந்தது. எவ்வளவு நல்ல மரம் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

அப்பா அதைத் துப்பாக்கியில் மாட்டி, தோளில் போட்டுக்கொண்டு, ஒரு நாள் மாலை லயத்தைச் சுற்றிச்சுற்றி நடந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன். ஐந்தாவது சுற்றில் நின்று, துப்பாக்கியை இறக்கிச் சுவரில் சாய்த்தார். சட்டையை விலக்கினார். தோளெலும்பின்மேல் தோல் சிவந்து தடித்திருந்தது.

"இதத் தூக்கிட்டுப் போறதுக்கே ஒரு யானையக் கூட்டிட்டுத்தான் போவணும்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் டின் தட்டும் முறை அவருடையது.

அப்பா சொன்ன குறைகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். துப்பாக்கிக் கட்டைக்கான மரம் காய்ந்திருக்க வேண்டும், கனம் கூடாது, ரேகை கழுத்து வழியாக நேராக ஓட வேண்டும், வெடிக்கும்போது தோளில் உதைக்கிற உதையில் பிளக்கக் கூடாது. இந்த நான்கையும் அவர் என்னிடம் விரல்விட்டுச் சொன்னார். நான் அதைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தேன். வாத்தியார்கூட வியந்துபோய், "உங்கப்பாவுக்கு இவ்வளவு விஷயம் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் அப்பா லேசில் எதையும் ஒப்புக்கொள்ளாதவர், உலகத்து மரங்கள்தான் அவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் தோற்றுக்கொண்டிருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதம் போல ஒரு மாதம் அதற்குமுன் எனக்கு வாய்த்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பா வீட்டில் இருந்தார். எனக்குத் தலைவாரிவிட்டார். வகிடு கோணலாகத்தான் வந்தது, நான் அப்படியே பள்ளிக்கூடம் போனேன். அம்மா பால்வெட்டிலிருந்து திரும்பும்போது அப்பா காய்ச்சிவைத்த கஞ்சி ஆறிப் பதமாக இருக்கும். ஒரு நாள் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது, நான் எத்தனையாம் வகுப்பு படிக்கிறேன் என்று கேட்டார். மூன்றாவது என்றேன். "மூணாவதா!" என்று தூண்டிலை மறந்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் ஒன்றாவது படிப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

மற்ற நேரமெல்லாம் தூங்கினார். உட்கார்ந்தால் தூங்கினார். மரம் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பி, ரப்பர்ப் பாலை உறையவைக்கும் கொட்டகைக்குப் பின்னால் வேட்டியை விரித்துத் தூங்கினார். நான் போய் எழுப்பினால், "இந்தப் பக்கம் ஒரு மரம் இருக்கான்னு பாத்தேன் தாயி" என்பார். நானும் நிமிர்ந்து சுற்றிலும் பார்ப்பேன்.

மூன்றாவது வாரம் கம்பம் என்கிற பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மலாய்க்காரர் வந்தார். காட்டில் பிரம்பு எடுப்பவர். அப்பா அவரை, அண்ணன் என்னும் அர்த்தத்தில், அபாங் என்று கூப்பிடுவார். தோளில் ஒரு அங்சானா மரத்துண்டைச் சுமந்து வந்திருந்தார். இரத்தச் சிவப்பு. வெட்டிய இடத்தில் ஒரு வாசனை. அப்பா அதை முகர்ந்து பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரேகையைப் பார்த்தார், சுண்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. ஒருவழியாக மரம் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

"அருமையான மரம். ஆனா பச்சை. ஆறு மாசம் காயணும்" என்றார் அப்பா.

"சாபார் லா" என்று அபாங் சிரித்தார். பொறுமையாக இரு என்பதுதான் அதற்கு அர்த்தம். அப்பாவுக்கு அந்தப் புத்திமதி மிகவும் பிடித்துப்போயிற்று. மரத்துண்டை அடுப்புக்கு மேலே புகை படும்படி பரணில் வைத்தார். தினமும் காலையில் எடுத்துப் பார்த்து, இன்னும் காயவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, பத்திரமாக மறுபடி வைப்பார்.

ஆறு மாதம் என்றதும் கிராணியார் இரண்டு நாள் எங்கள் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார். லயத்துக்குப் பின்னால் நிற்கிற பலா மரத்தை வெட்டிக்கொள்ளலாமே, பலா சீக்கிரம் காயுமே என்று சொல்லி அனுப்பியிருந்தார். காய்த்துக்கொண்டிருக்கிற மரத்தில் கைவைக்க மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். லயத்துப் பெண்கள் அதற்காக அவரைப் புகழ்ந்தார்கள். ஆண்கள் புகழவில்லை. அவர்கள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இரவெல்லாம் டின் தட்டிவிட்டு விடியுமுன், ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க நின்றார்கள். மரத்தடியிலேயே நின்றுகொண்டு தூங்கியவர்கள் உண்டு. முன்பு ஒருவர் சுமந்த தூக்கமின்மையை இப்போது லயமே பங்குபோட்டுச் சுமந்தது. மாமா வீட்டில் யாரோடும் பேசுவதை நிறுத்திவிட்டார்.

நான்காவது வாரத்தில் அடுத்த வீட்டுக்காரர் விழுந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்த இளைஞர். அம்மாவை அக்கா என்று கூப்பிடுவார். டின் தட்டிவிட்டுத் திரும்பும்போது, நடந்துகொண்டே தூங்கியிருக்கிறார். கானில் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. நான்கு பேர் சாக்குக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள்.

அன்று மாலை அவர் மனைவி இடுப்பில் குழந்தையோடு எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். சண்டைபோட வந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். அவர் குரல்கூட உயர்த்தவில்லை.

"அக்கா, கொஞ்சம் நல்லெண்ணெய் இருந்தாத் தாங்களேன். கால்ல தடவணும்னு சொல்றாங்க."

அம்மா எண்ணெய்ப் புட்டியையே எடுத்துக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டும் போகவில்லை.

"அண்ணன் துப்பாக்கி எப்பக்கா ரெடியாவும்?" என்று கேட்டார். அவ்வளவுதான். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

உள்ளே அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை. முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

மறுநாள் பால்வெட்டு முடிந்ததும், உடைந்த கட்டையின் இரண்டு துண்டுகளையும் அம்மா பழைய சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டார். முட்டையிடுகிற கோழி ஒன்றைக் கூடையில் போட்டு என் தலையில் வைத்தார். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஐந்து மைல் நடந்தோம். காலை மூன்று மணிக்கு எழுந்து மரங்களுக்குப் போய்வந்த உடம்பு அது. வழியில் இரண்டு இடத்தில் அம்மா பாதையோரம் உட்கார்ந்தார். "ஏம்மா?" என்றால், "செருப்புல கல்லு" என்றார். அவர் செருப்பே போட்டிருக்கவில்லை.

காஹாங் கடைத்தெருக் கோடியில் ஒரு சீனத் தச்சர் இருந்தார். கதவு, வண்டிச் சட்டம், சவப்பெட்டி எல்லாம் செய்வார். அம்மா துண்டுகளைப் பிரித்து வைத்து, தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினார்.

"தங்காச்சி, காயு பாசா தா போலே" என்றார். பச்சை மரம் உதவாது என்கிறார். கடையில் இருந்த மரமெல்லாம் பச்சைதான், விலை விழுந்தபின் மரம் வாங்கி யார் காயப்போடுகிறார்கள் என்று கையை விரித்தார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். கோழி கூடைக்குள் இருந்து ஒரு தடவை குரல் கொடுத்தது. தச்சர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து, உட்கார்ந்திருந்ததையே கையால் தட்டிக் காட்டினார். அது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேலே நீளமுள்ள, தடித்த மரத்துண்டு. தட்டியதும் டங்கென்று ஒலித்தது.

மெடாங் என்று அதற்குப் பெயர் சொன்னார். எதிரே இருக்கிற மளிகைக்கடை முதலாளி, வியாபாரம் நன்றாக இருந்த நாளில், தனக்கு வேண்டிய சவப்பெட்டியை முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டாராம். சீனப் பெரியவர்களுக்கு அது வழக்கம். பெட்டி அறுத்ததில் மிஞ்சிய துண்டு இது. பன்னிரண்டு வருஷமாக இவர் உட்கார்ந்தே காயவைத்திருக்கிறார். ஆனால் கேட்காமல் கொடுக்க முடியாது.

தச்சர் தெருவைத் தாண்டிப் போய் அந்தக் கிழவரைக் கூட்டிவந்தார். வெள்ளைப் பனியனும் கறுப்புக் கால்சட்டையும் போட்ட ஒல்லியான மனிதர். எங்கள் ஆட்களுக்கு அரிசி விற்று விற்றுத் தமிழ் பேசுவார். மரத்துண்டைப் பார்த்தார். பழைய சிநேகிதரைப் பார்ப்பதுபோல் அதன்மேல் கையை வைத்தார்.

"எடுத்துக்கோ தங்காச்சி. எனக்குப் பொட்டி ரெடி. நான்தான் இன்னும் ரெடி இல்லே" என்று சொல்லிவிட்டு, பல்லில்லாத வாயால் சிரித்தார்.

அம்மாவும் சிரித்தார். பல நாளுக்குப்பின் அன்றுதான். கோழியைத் தச்சரிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.

நான்கு நாள் கழித்துக் கட்டை வந்து சேர்ந்தது. தச்சர் பழுக்கக் காய்ச்சிய கம்பியை விட்டு நடுத்துளையைச் சுட்டெடுத்திருந்தார். தீய்ந்த வாடை இன்னும் இருந்தது. அம்மா அதை அப்பாவின் முன்னால் வைத்தார். மாமாவும் பக்கத்தில் இருந்தார்.

அப்பா எடுத்தார். நகத்தால் அழுத்தினார், இறங்கவில்லை. உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தார், கனமில்லை. வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் ரேகையைப் பார்த்தார். நூல் பிடித்ததுபோல் கழுத்து வழியாக ஓடியது. துப்பாக்கியில் மாட்டி ஆணியை முடுக்கினார். புட்டிக்கு மூடி போட்டதுபோல் பொருந்தியது. திரும்பத் திரும்பப் பார்த்தார். ஏதோ ஒன்றை அதில் தேடிக்கொண்டிருந்தார்.

"இது என்ன மரம்?" என்று கேட்டார்.

அம்மா மறைக்கவில்லை. சவப்பெட்டியில் மிஞ்சியது என்று சொன்னார்.

மாமா துள்ளி எழுந்துவிட்டார். "ஐயோ அக்கா! உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பொணப்பொட்டி மரத்த வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டியே! மச்சான், அதத் தொடாதீங்க. உசுரக் காப்பாத்துற துப்பாக்கிக்கு இந்த மரமா? வேணாம், வேற பாத்துக்கலாம்!"

அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். மாமா பெரிய கதவு ஒன்றை அவருக்காகத் திறந்துவிட்டிருந்தார். பிணப்பெட்டி மரம் ஆகாது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லயத்தில் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். கிராணியாரே ஒப்புக்கொண்டிருப்பார். அபாங்கின் மரம் பரணில் காய்ந்துகொண்டிருந்தது.

அம்மா மெதுவாகப் பேசினார்.

"ஒரு மாசம் தூங்குனீங்க. தூங்கட்டும்னுதான் நானும் இருந்தேன். இன்னும் ஒரு வருஷம் தூங்குனாலும் உங்க ஒடம்புக்குப் பத்தாது, எனக்குத் தெரியும். ஆனா அந்தத் தம்பிக்குக் கால் போச்சுங்க. கிராணியார் பட்டியலத் திருப்பி எழுதுறாராம்."

எனக்குக் கோபம் பொங்கி வந்தது. என் அப்பா காடு மேடெல்லாம் அலைந்து மரம் தேடியிருக்கிறார். அவரைப் போய்த் தூங்கினார் என்கிறாரே அம்மா! அப்பா பதிலுக்கு ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

அவர் கட்டையை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார்.

"இந்த மரத்துல கொறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றார்.

அந்தக் கட்டை பிளக்கவே இல்லை. அப்பா அதை அதற்குப் பிறகு ஏழு வருஷம் சுமந்தார். துரை திரும்பி வந்து பார்த்துவிட்டு, பழையதைவிட இது நன்றாக இருக்கிறதே என்றாராம். எங்கள் பெயர் பட்டியலில் ஏறவில்லை. அடுத்த வீட்டுக்காரர் பெயர் ஏறியது. கால் கோணலாகக் கூடி, அவரால் மரத்துக்கு மரம் நடக்க முடியவில்லை. அவர்களை ஏற்றிப்போன லாரி புறப்படும்போது அம்மா வெளியே வரவில்லை. அப்பா போய், லாரி திரும்பும் முனைவரைக்கும் பக்கத்தில் நடந்து போனார்.

நான் பெரியவளாகி, கல்யாணமாகி, குளுவாங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் இரவு வேலையில் பல வருஷம் இருந்தேன். விடிந்ததும் வீட்டுக்கு வந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, படுத்த அரை மணியில் மறுபடி எழுந்திருக்க வேண்டும். அப்படி ஒரு நாள், வேலைக்குப் போகிற பஸ் ஓடாது என்று யாரோ வந்து சொன்னபோது, எனக்குள் எழுந்த மகிழ்ச்சியைக் கண்டு நானே திடுக்கிட்டேன். மறுநாளும் ஓடாமல் இருக்க என்னென்ன காரணம் இருக்கலாம் என்று மனம் தானாகவே தேடத் தொடங்கியது. அப்போதுதான் அப்பாவின் மரங்கள் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றன.

ஆனால் அப்பா புதுக்கட்டையோடு முதல் தடவை புறப்பட்ட அந்த மாலையில் எனக்கு இதொன்றும் தெரியாது. காலுறையை மாட்டிக்கொண்டு அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அம்மா சோற்றுத் தூக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அம்மா அவரை ஏசிவிட்டாரே என்ற குறை எனக்கு இன்னும் போகவில்லை. அவரைச் சந்தோஷப்படுத்த என்னிடம் ஒரு செய்தி இருந்தது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

"அப்பா, இந்த மரம் எப்படிக் கெடைச்சுச்சு தெரியுமா? நான்தான் மாரியம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன். உங்களுக்குச் சீக்கிரமா நல்ல மரம் கெடைக்கணும்னு. மூணு வெள்ளிக்கெழமையும் பல்லு வெளக்கினதும் நேரா கோயிலுக்குப் போனேன்."

அப்பா என்னையே பார்த்தார். எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"நீயா வேண்டிக்கிட்ட?"

"ஆமாப்பா."

அவர் என் தலையில் கையை வைத்தார். அந்தக் கை வெகுநேரம் கனமாக அங்கேயே இருந்தது. "நல்லா வேண்டிக்கிட்ட தாயி" என்றார். பிறகு துப்பாக்கியை ஊன்றி எழுந்து, கிழக்குப் பக்கம் நடந்தார்.

திரும்பிப் பார்த்தேன். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு சின்ன வயதில் இவளுக்கு இவ்வளவு பக்தியா என்றுதான் இருவரும் பேச்சடைத்துப் போனார்கள் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமை அம்மனிடம் என்ன கேட்கலாம் என்று நான் யோசிக்கத் தொடங்கினேன்.